மூட்டைக் காவல்

நேயர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லுங்கள். கடைசியாக நீங்கள் குடும்பத்தோடு ஊர் பார்க்கப் போனீர்களே, அப்போது மூட்டை முடிச்சுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்?

“எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாலும் அர்த்தமுண்டு. இது என்ன கேள்வி?” என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் தோன்றிக் கொண்டிருந்தது.

விடுமுறைக் காலம் நெருங்கினால் எங்கள் காரியாலயத்தில் யாராவது ஒருவர் உல்லாசப் பிரயாணத்தைப் பற்றி எழுதியாக வேண்டும். இந்த முறை அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. “நீதான் சின்ன வயசிலேயே தமிழ்நாடு முழுக்கச் சுற்றியவன் ஆயிற்றே! சும்மா எழுது” என்றார் ஆசிரியர். சுற்றியது என்னவோ வாஸ்தவம்தான். அந்தப் பெருமை முழுவதும் என் தகப்பனாரைச் சேர்ந்தது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கோடை விடுமுறையில் வருஷத்துக்கு ஒரு தடவை, மூன்று நாளோ நான்கு நாளோ, எங்களை எங்காவது அழைத்துப் போவார். ‘எங்களை’ என்றால் அக்கா, நான், தம்பி, அம்மா. அழைத்துப் போவார் என்பதைவிட அணிவகுத்து நடத்திச் செல்வார் என்று சொல்வது பொருத்தம். ஐந்தே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும், ஆறரைக்கு இட்லி, ஏழு பத்துக்குப் பஸ். ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அப்பா ஒதுக்கிய நேரம் நாற்பது நிமிஷம்! அதில் நந்திக்கு ஐந்து நிமிஷம். தம்பி நந்தியின் முன்னால் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டான் என்று அவனுக்குக் கிடைத்த குட்டு இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. வாத்தியார் சம்பளத்தில் ஐந்து பேர் ஊர் பார்க்கக் கிளம்புவது லேசான காரியமா? கொடுத்த காசுக்கு முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்ற பதைப்பு அவருக்கு. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுவார். பஸ் சார்ஜ், டீ, கடலை மிட்டாய், நுழைவுச் சீட்டு எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும்.

அப்பா காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. கட்டுரைக்கு விஷயம் தேடுவதற்காக அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஊர்களும் தேதிகளும் வரிசையாக இருந்தன. என் வேலை சுலபமாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டுக் கொண்டு புரட்டினேன்.

மதுரை, திருமலை நாயக்கர் மகால். டிக்கெட்: பெரியவர் 1, சிறுவர் 3.

பத்மநாபபுரம் அரண்மனை. பெரியவர் 1, சிறுவர் 3.

கொடைக்கானல் ஏரி, படகு. பெரியவர் 1, சிறுவர் 3.

முதலில் இதை நான் கவனிக்கக்கூட இல்லை. நாலாவது, ஐந்தாவது பக்கத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் அல்லவா?

பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒரே ஓர் இடத்தில் ‘பெரியவர் 2’ என்று இருந்தது. கன்னியாகுமரி, விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு. அப்பாடா என்று நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு பார்த்தாள்.

“அது நான் இல்லேடா. உங்க பெரியப்பா. அந்த வருஷம் அவரும் வந்திருந்தார்” என்றாள்.

பழைய போட்டோ ஆல்பத்தையும் எடுத்துப் பார்த்தேன். நாயக்கர் மகாலில் 1636-ம் வருஷத்துத் தூண் ஒன்றைக் கட்டிப் பிடிக்க நாங்கள் மூன்று பேரும் கை கோத்து நிற்கிறோம்; கை எட்டவில்லை. கொடைக்கானல் படகில் அப்பா துடுப்பைப் பிடித்துக்கொண்டு மாலுமி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். (அந்த ஏரி இயற்கையாக உண்டானதல்ல, 1863-ல் லெவிஞ்சு என்ற கலெக்டர் கரை போட்டு உண்டாக்கியது என்று படகிலேயே எங்களுக்குப் பாடம் நடந்தது.) எந்தப் படத்திலும் அம்மா இல்லை. அவள் எங்கே இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாசலில் ஒரு மரத்தடியில் நாலு பைகள், ஒரு கூஜா, ஐந்து ஜோடிச் செருப்பு, ஒரு புளியோதரைத் தூக்கு இவற்றின் நடுவே உட்கார்ந்து, “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்” என்று சொல்லிக் கொண்டிருந்தாள்.

“அப்பா உன்னைக் கூப்பிடவே மாட்டாரா?” என்று கேட்டேன்.

“கூப்பிடாம என்ன? ஒவ்வொரு தரமும் கூப்பிடுவார்.”

“ஒரு தரம் கூப்பிடுவார். ரெண்டாம் தரம் கூப்பிட்டிருந்தா?”

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ரெண்டாம் தரம் கூப்பிட்டார்னே வச்சுக்க. பையை யார் பார்த்துக்கறது?”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? என் படிப்பில் இந்தப் பாடம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா ஒன்றுமே பார்க்கவில்லை என்று நினைத்து நான் பரிதாபப்பட ஆரம்பித்தபோது, அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாயக்கர் மகால் வாசலில் பனங்கிழங்கு விற்ற கிழவி தன் பெண்ணை எந்த ஊரில் கொடுத்திருந்தாள், அந்த மருமகன் ஏன் மில் வேலையை விட்டான், பிறகு என்ன ஆயிற்று என்பதெல்லாம் அம்மாவுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அந்த மகாலில் நினைவிருப்பது தூண்களின் பருமன் மட்டுமே.

பத்மநாபபுரம் விஷயம் இன்னும் விசேஷம். அந்த அரண்மனை இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில். நிர்வாகம் மட்டும் கேரள அரசாங்கத்தினுடையது. திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகரம் அது. 1956-ல் எல்லை பிரித்தபோது நிலம் இந்தப் பக்கமும் அரண்மனை அந்தப் பக்கமுமாகப் போயிற்று. உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் கறுப்புத் தரையைக் காட்டி, சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டது என்று சொல்கிறார்கள். நாங்கள் அதில் வெறுங்காலோடு வழுக்கி விளையாடிக் கொண்டிருந்த நேரத்தில், வாசலில் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அம்மாள் தன் குடும்பத்து மூட்டைகளோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நாகர்கோவில்காரி. இரண்டு காவல்காரிகளும் பேச ஆரம்பித்தார்கள். விலாசம் வாங்கிக் கொண்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து போட்டுக் கொண்டார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த அம்மாளின் மகனுக்குத்தான் என் அக்காவைக் கொடுத்தோம். ஆக, அரண்மனைக்குள் போய் அப்பாவும் நாங்களும் பார்த்தது தரையை. வெளியே உட்கார்ந்து அம்மா பார்த்தது மாப்பிள்ளையை!

இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு சனி, ஞாயிறு பார்த்து, அம்மா, என் மனைவி, ஏழு வயசு மகள் மூவரையும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் அழைத்துக் கொண்டு போனேன். கையில் பட்டியல் இல்லை. அப்பாவின் மகன் பட்டியல் இல்லாமல் கிளம்பியது அதுவே முதல் தடவை. ‘இந்தப் பிரயாணத்தில் அம்மா எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்’ என்பது ஒன்றே என் திட்டம்.

தஞ்சையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அம்மா நந்தியின் முன்னால் அரைமணி நேரம் நின்றாள். யாரும் குட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருச்சி வந்து சேர்ந்தோம். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னை திரும்ப வேண்டும். நடுவில் மாலை வேளையில் மலைக்கோட்டை ஏறிவிடலாம் என்று உத்தேசம். ஸ்டேஷனில் பைகளை வைக்கும் அறைக்குப் போனால், பூட்டுப் போட்ட பெட்டியாக இருந்தால்தான் எடுத்துக் கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் இருந்தவை இரண்டு துணிப் பைகள், ஒரு பிளாஸ்டிக் கூடை, மகளின் முதுகுப் பை. எதற்குப் பூட்டுப் போடுவது? எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

கொஞ்ச தூரம் போனதும், “வண்டியை காந்தி மார்க்கெட்டுக்கு விடுப்பா” என்றாள் அம்மா.

அங்கே இறங்கி, வாழைக்காய் மண்டியில் விலை பேசி, ஒரு முழுத் தார் பூவன் பழம் வாங்கினாள். அதைத் தூக்கி வர ஒரு பையனையும் கூலி பேசிக் கூட்டி வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“நாலு பேருக்கு எதுக்கம்மா ஒரு தார் பழம்?”

“நமக்கில்லேடா, தாயுமானவருக்கு. உனக்காகத்தான். உங்க பாட்டி நேர்ந்துக்கிட்டது.”

மலைக்கோட்டைத் தாயுமானவரைப் பற்றி நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தினாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குப் பிரசவ காலம். துணைக்கு வர வேண்டிய தாயார், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிட்டாள். பெண் வலியில் துடித்து ஈசுவரனைக் கூப்பிட்டாள். அவர் அந்தத் தாயாரைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜத் தாயார் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு அம்மாக்கள்! அதனால்தான் சுவாமிக்குத் ‘தாயும் ஆனவர்’ என்று பெயர். சுகப் பிரசவம் ஆனால் வாழைத்தார் சாத்துவதாக வேண்டிக் கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம்.

நான் பிறப்பதற்கு இரண்டு நாள் அடம் பிடித்தேனாம். டாக்டர் கையை விரித்த ராத்திரியில் பாட்டி வேண்டிக் கொண்டாளாம். பாட்டி அதை நிறைவேற்றாமலே போய்விட்டாள். பாக்கி அம்மாவின் கணக்குக்கு வந்தது.

“நாம மூணு தரம் இங்கே வந்திருக்கோமே! அப்போவெல்லாம் சொல்லியிருக்கலாமே?”

“முதல் தரம் வந்தப்ப அப்பா, ‘ஒண்ணேகால் மணி நேரந்தான், அப்புறம் ஸ்ரீரங்கம்’னுட்டார். தாரும் கையுமா நின்னா அவர் திட்டம் கெட்டுப் போகும். ரெண்டாந்தரம் தம்பிக்குக் காய்ச்சல். அவனை மடியிலே போட்டுக்கிட்டு கீழேயே உட்கார்ந்துட்டேன். மூணாந்தரம்...” அம்மா கொஞ்சம் யோசித்தாள். “மூணாந்தரம் யாரும் கேக்கலை.”

ஆட்டோ ஒரு குலுக்குக் குலுக்கிற்று. தார் என் முழங்காலில் இடித்தது.

“சாமி கோவிச்சுக்கலையா பாட்டி?” என்றாள் என் மகள்.

“எதுக்குக் கோவிச்சுக்கறார்? வருஷா வருஷம் உங்கப்பன் பிறந்த நாளைக்கு ஒரு சீப்புப் பழம் படத்துக்கு முன்னாலே வச்சு, ‘இந்த வருஷத்துக்கு வட்டி மட்டும் கட்டறேன், முதலை அப்புறம் தர்றேன்’னு சொல்லிடுவேனே!”

என்னுடைய ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் வீட்டில் பாயசத்தோடு பூவன் பழம் இருக்கும். கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில்கூட யார் மூலமாவது வந்து சேரும். முப்பத்துச் சொச்சம் வருஷமாக நான் உரித்துத் தின்றது வட்டி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிய இடத்தில் எல்லாரும் தயங்கி நின்றோம். என்ன நடக்கப் போகிறதென்று எனக்குத் தெரியும். நான் எதிர்பார்த்தபடியே அம்மா சுவரோரமாக ஒரு நிழலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“தாரை நீங்க கொண்டு போய்க் கொடுத்துட்டு வாங்க. எனக்கு முழங்கால் வேற ஒரு மாதிரி இருக்கு. நான் இங்கேயே...”

“முடியாது” என்றேன். “இன்னிக்கு நீதான் போகணும்.”

அப்போதுதான் என் மனைவி குறுக்கிட்டாள். “அத்தையும் போகட்டும், நீங்களும் போங்க. வேண்டுதலே உங்களுக்காகத்தானே? குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க. பைகளோட நான் இருக்கேன்.”

அவள் அதைச் சொன்ன தோரணையில் எந்தத் தியாகமும் இல்லை. மிகச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லும்போதே கூடையைத் தன் பக்கம் இழுத்துக் கொண்டாள். நேற்று தஞ்சைக் கோயிலில், அம்மா நந்தியின் முன்னால் நின்ற அந்த அரைமணி நேரமும் செருப்புகளோடும் பைகளோடும் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன் மாமல்லபுரத்தில்? குற்றாலத்தில்? என் செல்போனில் இருக்கும் படங்களில் அவள் எத்தனையில் இருப்பாள்? அப்பாவாவது நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைத்திருந்தார். நான் அதுகூட வைக்கவில்லை.

“மூணு பேரும் போங்க. நான்தான் உட்காரப் போகிறேன்” என்று சுவரோரத்தில் உட்கார்ந்தே விட்டேன்.

“வேண்டுதல்காரன் வரலேன்னா எப்படிம்மா?” என்று மனைவி அம்மாவைப் பார்த்தாள்.

“அவன் பிறந்தாச்சு, அது போதும். கூட வேற வரணுமா?” என்று சொல்லிவிட்டு, அம்மா பேத்தியின் கையைப் பிடித்துக் கொண்டு முதல் படியில் காலை வைத்தாள். தாரைத் தோளில் வைத்துக்கொண்டு பையன் முன்னால் போனான். பாறையைக் குடைந்து போட்டிருக்கும் அந்தப் படிகளில், நாலு எட்டு வைத்ததுமே ஆளை இருட்டு விழுங்கிவிடும். உச்சி வரைக்கும் நானூற்றுக்கு மேல் படி. அம்மா திரும்பிப் பார்த்தாள். என்னை அல்ல, பைகளை.

நேயர்களே, மூட்டைக் காவல் சுலபமான உத்தியோகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து அடி தூரத்தில் காப்பிக் கடை. காப்பி வாசனை வருகிறது. எழுந்து போக முடியாது. மகளின் பையைத் தோளில் மாட்டி, இரண்டு துணிப் பைகளைக் கையில் எடுத்து, கூடையைத் தூக்கப் போனால் செருப்புகள் பாக்கி. திரும்ப உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பைகளை எண்ணினேன். மேலே போகிறவர்கள் என்னை ஒரு தூணைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போனார்கள். செல்போனைப் பார்க்கலாம் என்றால் அது மதியமே உயிரை விட்டிருந்தது.

வேறு வழியில்லாமல் மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். படியேறுகிறவர்கள் சளசளவென்று பேசிக்கொண்டே போகிறார்கள். இறங்குகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, பேச்சில்லாமல், ஏதோ யோசனையில் வருகிறார்கள். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் போயிற்று. பின்னாலேயே ஒருவன் வாழைத்தாரோடு போனான். குழந்தையின் தாயார் சின்னப் பெண். ஒவ்வொரு படிக்கும் தன் அம்மாவின் தோளைப் பிடித்துக் கொண்டாள். எங்கள் தார் இந்நேரம் எந்தப் படியில் இருக்குமோ என்று நினைத்துக் கொண்டேன். அம்மாவின் முழங்காலை நினைத்துக் கவலையாகவும் இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னும் ஒரு கால் மணி. எனக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது.

விழித்துப் பார்த்தபோது பைகள் மூன்றும் இருந்தன. கூடையும் இருந்தது. அதற்குள் ஒரு பசுமாட்டின் மூஞ்சியும் இருந்தது. விரட்டினேன். காந்தி மார்க்கெட்டில் அம்மா ரயிலில் தொடுத்துக் கொள்ளலாம் என்று ஆசையாக வாங்கிய அரைப்படி மல்லிகைப் பூவில் இலைதான் மிச்சம்.

விளக்குப் போட்ட பிறகுதான் அவர்கள் இறங்கி வந்தார்கள். அம்மாவின் நெற்றியில் விபூதி; முகமெல்லாம் வியர்வை; கையில் பிரசாதமாக வந்த ஒரு சீப்பு.

“முதலும் அடைஞ்சாச்சு” என்று என் கையில் ஒரு பழத்தைக் கொடுத்தாள்.

தாயுமானவர் சந்நிதியோடு நிற்காமல், பேத்தி இழுத்த இழுப்பில் அதற்கு மேலும் ஏறியிருக்கிறாள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலைப் பார்த்திருக்கிறாள். “சிவன் ஒத்தைச் சடையை நீட்டிக்கிட்டு நிக்கிறார்டா. கங்கை வந்து அதிலே இறங்குது. அவ்வளவு பெரிய ஆத்தை ஒரு விரலாலே பிடிக்கிற மாதிரி நிக்கிறார்” என்று கையை உயர்த்திக் காட்டினாள். அந்தக் கங்காதர சிற்பத்தைப் பற்றி நான் இரண்டு புத்தகம் படித்திருக்கிறேன். சிறுவனாக மூன்று தடவை அதைத் தாண்டி ஓடியும் இருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. வெட்டவெளியில் நின்று காவிரியையும், அதற்கப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தையும் பார்த்தாளாம். 1987-ல் அந்தக் கோபுரம் 236 அடிக்கு எழும்பி நின்றதிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாம். இதையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

“உச்சிப் பிள்ளையார்?” என்றேன்.

“அது மட்டும் இல்லே. நாங்க ரெண்டு பேருந்தான் போனோம்” என்றாள் மனைவி சிரித்துக்கொண்டே.

“ஏன், முழங்கால் வலியா?”

“இல்லேப்பா!” என்று என் மகள் குதித்துக்கொண்டு முன்னால் வந்தாள். “அங்கே ஒரு பாட்டி நிறையப் பை வச்சுக்கிட்டு மேலே போகாம நின்னாங்க. பாட்டி அவங்களைப் போகச் சொல்லிட்டு, அந்தப் பையெல்லாம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திட்டாங்க!”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“பாவம்டா, திருநெல்வேலியிலேருந்து வந்திருக்காங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு உச்சிக்குப் போகாம இருக்கலாமா? அந்த அம்மாளோட ரெண்டாவது பையன் சென்னையிலேதான் வேலையா இருக்கானாம்” என்று சொல்லிக்கொண்டே அம்மா குனிந்து பைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். கூடைக்குள் கையை விட்டாள்.

“பூ எங்கேடா?” என்றாள்.